அக்கா சிம்பான்

நம் கம்பெனியின் செண்டாயான் ஆபிசில் புதிதாகச் சேர்ந்திருக்கும் பிள்ளைகளுக்கு,

போன மாதம் உங்களில் ஒருத்தி போன் செய்து, "மேடம், புதுத் தொழிலாளர் சட்டங்களப் பத்தி எங்களுக்கு ஒரு டாக் குடுக்க முடியுமா? ஸ்லைட்ஸ் நாங்களே செஞ்சிடுறோம்" என்று கேட்டாள். முடியாது என்று சொல்லிவிட்டேன். கோபித்துக்கொள்ளாதீர்கள். கட்டாய உழைப்புப் பிரிவு, தங்குமிடச் சட்டம், வேலை நேரத் திருத்தம், வெளிநாட்டுக்காரன் எண்ணெய் வாங்குவதற்கு முன் கேட்கும் சான்றிதழ், இ-இன்வாய்ஸ் எல்லாம் உங்கள் போனிலேயே இருக்கின்றன. பிரிவு எண்ணோடு ஒப்பிப்பீர்கள். எனக்குக் கண்ணாடி போட்டாலும் அந்தச் சின்ன எழுத்து இப்போது தெரிவதில்லை. அதனால் ஸ்லைடில் அடங்காத ஒன்றை எழுதுகிறேன். ஒரே ஒரு சொல்லைப் பற்றி. படித்துவிட்டு மனசு சரியில்லாமல் போனால் நான் பொறுப்பில்லை. எனக்கும் இன்றுவரை சரியாகவில்லை.

என்னைத் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். பகா டவுனிலிருந்து உள்ளே போகும் ஒரு தோட்டத்தில் கிராணியாக, அதாவது ஆபிஸ் குமாஸ்தாவாக, வேலைக்குச் சேர்ந்தவள் நான். கடைசிக் காலத்தில் அதே மேசை, அதே நாற்காலி, பெயர் மட்டும் கம்ப்ளையன்ஸ் ஆபிசர் என்று மாறியது. தோட்டத்தில் யாருக்கும் அந்தப் பெயர் வாயில் நுழையவில்லை. வேலையை விட்ட நாள் வரைக்கும் நான் கிராணியம்மாதான்.

நான் சேர்ந்தபோது லயங்களில், அதாவது தோட்டத்து வரிசை வீடுகளில், நம் சனம் நிறைந்திருந்தது. பிறகு ஒவ்வொரு குடும்பமாகச் சிரம்பானுக்கும் நீலாய்க்கும், இப்போது நீங்கள் உட்கார்ந்திருக்கும் செண்டாயான் பக்கத்துத் தொழிற்சாலைகளுக்கும் போய்விட்டது. எண்ணெய் எடுக்கும் செம்பனைக் குலைகளை வெட்ட லோம்போக் தீவிலிருந்தும் வங்காளதேசத்திலிருந்தும் ஆட்கள் வந்தார்கள். அவர்களைக் கொங்சியில் தங்க வைத்தோம். தகரக் கூரை போட்ட நீளமான கொட்டகை, நடுவில் நடை, இரண்டு பக்கமும் அறைகள். ஆறு மாதத்தில் அவர்களுக்குக் கொஞ்சம் தமிழ் வந்துவிடும். நமக்கு அவர்கள் பாஷை கடைசிவரை வராது.

அவர்களுடைய பாஸ்போர்ட்டுகள் ஆபிசில், என் மேசைக்குப் பின்னால் இருந்த இரும்புப் பெட்டகத்தில் இருந்தன. பத்திரிகைகளில் கடப்பிதழ் என்று அழகாக எழுதுகிறார்கள். தோட்டத்தில் யாரும் அப்படிச் சொல்லிக் கேட்டதில்லை. பெட்டகத்தின் சாவி என் கைப்பையில் இருக்கும். யாராவது டவுனுக்குப் போக வேண்டுமென்றால் என்னிடம் வந்து கேட்பார்கள். எதற்கு என்பேன். காரணம் சரியென்று பட்டால் கொடுப்பேன், படாவிட்டால் நகல் ஒன்றைக் கொடுத்து அனுப்புவேன். அக்கம்பக்கத்துத் தோட்டங்களிலும் இதே வழக்கம். அடுத்தவர் பாஸ்போர்ட்டை அதிகாரமில்லாமல் வைத்திருப்பது குற்றம் என்று சட்டம் அப்போதும் சொல்லிக்கொண்டுதான் இருந்தது. யாரும் அதைத் தூசு தட்டிப் பார்க்கவில்லை.

பிறகு காற்று மாறியது. கட்டாய உழைப்பு என்று வேலைச் சட்டத்தில் தனிப் பிரிவே வந்தது. கடல் கடந்த துறைமுகங்களில் நம் நாட்டுச் சரக்கைத் தடுத்து நிறுத்திய செய்திகள் வந்தன. எண்ணெய் வாங்குபவர்கள் கேள்வித்தாள் அனுப்ப ஆரம்பித்தார்கள். பாஸ்போர்ட் யார் கையில் இருக்கிறது என்பது அதில் எப்போதும் இருக்கும். எங்கள் மேனேஜர் உடனே காரியத்தில் இறங்கினார். அவரைக் கெட்டவர் என்று எழுதினால் எனக்கு வசதியாக இருக்கும், ஆனால் அவர் கெட்டவரில்லை. "மேடம், எல்லாத்தையும் திருப்பிக் குடுத்துருவோம். பெரட்டுல வச்சே குடுங்க, எல்லார் முன்னாடியும்" என்றார்.

பெரட்டு என்பது விடிகாலையில் எல்லோரும் வரிசையாக நின்று பெயர் கொடுத்துவிட்டு வேலைக்குப் பிரியும் இடம். அன்றைக்கு நான் ஒவ்வொரு பெயராகக் கூப்பிட்டு, பாஸ்போர்ட்டைக் கையில் கொடுத்தேன். உள்ளுக்குள் எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. நல்ல காரியம் செய்கிறோம், சந்தோஷப்படுவார்கள் என்று நினைத்தேன். ஒருவர் முகத்திலும் சிரிப்பில்லை. அமான் என்று ஒரு குலை வெட்டுபவன், லோம்போக்காரன், நல்ல உழைப்பாளி. பாஸ்போர்ட்டை வாங்காமல் கையைக் கட்டிக்கொண்டு நின்றான்.

"இபு, அப்பா சாலா சாயா?" என்றான். அம்மா, நான் என்ன தப்புச் செய்தேன் என்று கேட்கிறான்.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. அந்தத் தோட்டத்தில் பாஸ்போர்ட் நிரந்தரமாக ஒருவன் கைக்கு வருவது அவனை ஊருக்குத் திருப்பி அனுப்பும் நாளில் மட்டும்தான். எல்லோரையும் ஒரே நாளில் துரத்துகிறோம் என்று பயந்துவிட்டார்கள். புதுச் சட்டம், உங்கள் நன்மைக்குத்தான் என்று எனக்குத் தெரிந்த மலாயில் திரும்பத் திரும்பச் சொன்னேன். அமான் தலையாட்டினான். நம்பவில்லை என்பது தெரிந்தது. மதியம் வரைக்கும் பாதிப் பேர் வேலையில் கவனமில்லாமல் ஆபிஸ் பக்கமே பார்த்துக்கொண்டிருந்ததாக, வேலையை மேற்பார்க்கும் மண்டோர் வந்து சொன்னார்.

கொங்சியில் ஆளுக்கொரு இரும்பு லாக்கர் வைத்தோம். பூட்டும் சாவியும் அவரவர் கையில். படம் எடுத்து அனுப்பினோம். தலைமையகத்திலிருந்து பாராட்டி ஈமெயில் வந்தது. அந்தக் கொங்சியில் மழை பெய்தால் ஒழுகும் என்பதும், எல்லோரும் குலை வெட்டப் போன பிறகு அது திறந்து கிடக்கும் என்பதும் படத்தில் விழவில்லை.

கொஞ்ச காலத்தில் எவனோ வெளியாள் புகுந்து சில லாக்கர்களை நெம்பித் திறந்துவிட்டான். ஒருவனுடைய பாஸ்போர்ட் போயிற்று. புதுசுக்கு எழுதிப் போட்டுவிட்டு, சும்மா இருக்காமல் அவன் பகாவுக்குச் சாமான் வாங்கப் போனான். வழியில் ரோட் பிளாக், காட்டப் பாஸ்போர்ட் இல்லையென்று பிடித்துப் போய்விட்டார்கள். போலிஸ் நிலையத்துக்கு ஓடி ஓடி அவனை வெளியே எடுப்பதற்குள் எங்களுக்கு நாக்குத் தள்ளிவிட்டது. வெளியே வந்தவன் இனி இங்கே இருக்க மாட்டேன் என்று ஊருக்கே போய்விட்டான். நாங்கள் என்ன செய்தோம் தெரியுமா? எல்லா லாக்கருக்கும் இன்னும் பெரிய பூட்டு வாங்கிப் போட்டோம். திருத்த நடவடிக்கை என்று அதற்குப் பெயர். நீங்களும் எழுதுவீர்கள், எழுதும்போது என்னை நினைத்துக்கொள்ளுங்கள்.

அதற்குப் பிறகு பாஸ்போர்ட் பேச்சே இல்லை. பெரிய பூட்டு வேலை செய்கிறது என்று நாங்கள் நிம்மதியாக இருந்தோம்.

இங்கே பாக்கியம் அக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டும். லயத்தின் கடைசி வீட்டில் தனியாக இருந்தவர். அந்தத் தோட்டத்திலேயே பிறந்து, ரப்பர் இருந்த காலத்தில் பால் வெட்டி, செம்பனை வந்ததும் உரம் போட்டு, வயதானதும் கொங்சியைக் கூட்டிப் பெருக்கும் வேலைக்கு வந்தார். புருஷன் தவறிவிட்டார். ஒரே மகள் தம்பின் டவுனில் ஓர் அடுக்குமாடி வீட்டில். அக்காவுக்கு அந்த வேலை இருக்கும் வரைக்கும்தான் அந்த வீடு. வேலை போனால் காலி செய்ய வேண்டும். மற்ற லயங்களை ஏற்கெனவே இடித்தாகிவிட்டது. தங்குமிடச் சட்டம் கேட்கிற மாதிரி அவற்றை மாற்றிக் கட்டுவதைவிட இடிப்பது சுலபம் என்று மேலே முடிவெடுத்திருந்தார்கள். அக்கா வீடு இருந்த அந்த ஒரு வரிசை மட்டும் எப்படியோ தப்பி நின்றது. "என்னைப் பொணமாத்தான் இந்த வீட்ட வுட்டுத் தூக்கணும்" என்று போகிற வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருப்பார்.

வாய் கொஞ்சம் நீளம். மேனேஜரைத் திட்டுவார், லாரிக்காரரைத் திட்டுவார், வாசலில் வரும் கோழியைத் திட்டுவார். கொங்சிப் பையன்களுக்குத்தான் அதிகமாகக் கிடைக்கும். "ஏண்டா, இந்தச் சட்டைய எத்தன நாளா போட்டிருக்க? ஒங்கம்மா பாத்தா என்னையில்ல ஏசும்" என்பார். எதிரே நிற்பவனுக்குப் பாதி புரியாது. சட்டையைக் கழற்றிக் கொடுத்துவிட்டு நிற்பான். ஒருவனுக்குக் காய்ச்சல் என்றால் ரசம் போகும், கூடவே திட்டும் போகும்.

லாக்கர் உடைந்த மறுநாளே அமான் தன் பாஸ்போர்ட்டைக் கொண்டுபோய் அக்காவிடம் கொடுத்திருக்கிறான். அவனைப் பார்த்து அடுத்தவன், அவனைப் பார்த்து இன்னொருவன். ஆபிசில் எங்களில் ஒருவருக்கும் தெரியாது.

அந்த வருஷம் எண்ணெய் வாங்குபவர்கள் சார்பில் கோலாலம்பூரிலிருந்து ஓர் ஆடிட்டர் வந்தாள். சின்னப் பெண், உங்கள் வயதுதான். கேள்வி கேட்கத் தெரிந்தவள், அவசரப்படாதவள். தொழிலாளர்களைத் தனியாகத்தான் விசாரிப்பாள், எங்களில் யாரும் பக்கத்தில் நிற்கக்கூடாது. அவளுக்கும் அமானுக்கும் நடந்த பேச்சைப் பிறகு அறிக்கையில் படித்தேன். அமானும் அப்படியே சொன்னான்.

"பாஸ்போர்ட் சியாப்பா சிம்பான்?" பாஸ்போர்ட்டை யார் வைத்திருப்பது என்கிறாள்.

"அக்கா சிம்பான்."

"போலே மிந்தா பாலேக்?" திருப்பிக் கேட்டால் கிடைக்குமா என்கிறாள்.

"போலே. தாப்பி அக்கா மாரா." கிடைக்கும், ஆனால் அக்கா கோபிப்பார் என்கிறான்.

அவ்வளவுதான் பேச்சு. இந்த நாலு வரி என்ன செய்தது என்று சொல்கிறேன்.

மலாயில் சிம்பான் என்றால் எடுத்து வைப்பது. மிச்சச் சோற்றை சிம்பான் செய்யலாம், நகையை சிம்பான் செய்யலாம், மனசில் இருப்பதை வெளியே சொல்லாமலும் சிம்பான் செய்யலாம். நம் தமிழிலும் 'வச்சிருக்கேன்' அப்படித்தானே? உனக்காகப் பத்திரமாக வைத்திருக்கிறேன் என்பதும் அதுவே, உனக்குத் தராமல் வைத்திருக்கிறேன் என்பதும் அதுவே. குரலைக் கேட்டால் தெரியும். அறிக்கையில் குரல் வராது.

அந்த 'மாரா'வுக்கு வருகிறேன். ஞாயிற்றுக்கிழமை பாசாருக்குப் போகப் பையன்கள் பாஸ்போர்ட்டைக் கேட்டு வந்தால் அக்கா சும்மா கொடுக்க மாட்டார். "பின்னாடி பாக்கெட்டுல சொருகாத, மோட்டர்ல போறப்ப வுழுந்துரும், சட்டைக்குள்ள வை" என்று திட்டிக்கொண்டேதான் எடுத்துக் கொடுப்பார். சாயந்தரம் திரும்பி வர நேரமானால் அதற்கும் ஏச்சு. கொங்சியில் 'அக்கா மாரா' என்றால் அக்கா பக்கத்தில்தான் இருக்கிறார் என்று அர்த்தம். அறிக்கையில் அது மிரட்டல் ஆயிற்று.

ஆடிட்டர் அக்காவைப் பார்க்க வேண்டும் என்றாள். அக்காவுக்குத் தமிழ்தான் ஓடும் என்பதால் என்னைக் கூட்டிக்கொண்டு போனாள். வழியில்தான் விஷயத்தைச் சொன்னாள். அக்கா வாசலில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்ததும் கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். நான் வாய் திறப்பதற்குள் ஆடிட்டர் மலாயில் கேட்டுவிட்டாள்.

"ஆமா, நாந்தான் வச்சிருக்கேன்" என்றார் அக்கா என்னைப் பார்த்து. பிறகு அவள் பக்கம் திரும்பி, "சாயா சிம்பான். செமுவா சாயா சிம்பான். பாகூஸ்லா, வந்து பாருங்க" என்று உள்ளே கூப்பிட்டார். எல்லாமே நான்தான், அருமையாக வைத்திருக்கிறேன் என்கிறார். குரலில் அத்தனை பெருமை. ஆபிசிலிருந்து நல்லது சொல்ல வந்திருக்கிறார்கள் என்று நினைத்துவிட்டார்.

சாமி மேடைக்குக் கீழே ஓர் இழுப்பறை. விபூதிப் பொட்டலம், கற்பூரம், அதற்குப் பக்கத்தில் ரொட்டிப் பிளாஸ்டிக்கில் சுற்றிய பாஸ்போர்ட்டுகள். ஒவ்வொன்றையும் முகம் தெரிகிற மாதிரி மடித்து வைத்திருந்தார். ஆடிட்டர் படம் எடுத்தாள். ஏன் வைத்திருக்கிறீர்கள் என்று என்னைக் கேட்கச் சொன்னாள்.

"பெட்டிய ஒடச்சிட்டுப் போயிட்டானுங்கல்ல? அதான் இங்க கொண்டாந்து குடுத்தானுங்க. நானா கேட்டேன்? சாமி காலடியில இருந்தா எவன் கை வைப்பான்?"

அப்படியே மொழிபெயர்த்தேன். அவர்களிடமிருந்து எழுத்தில் ஏதாவது அனுமதி வாங்கினீர்களா என்று அடுத்த கேள்வி.

"எழுத்துலயா? நா என்னா ஆபிசா?" என்று அக்கா சிரித்தார்.

ஆபிசுக்குத் திரும்பி நடந்தோம். வழியில் ஆடிட்டர் மெதுவாகச் சொன்னாள். அந்த அம்மாவை நான் நம்புகிறேன். ஆனால் இதை எழுதாமல் விட்டால், நாளைக்கு இன்னொரு தோட்டத்தில் மண்டோர் மனைவி பத்திரமாக வைத்திருக்கிறார் என்று சொல்வார்கள். அங்கே உண்மையிலேயே பிடித்து வைத்திருப்பார்கள். அப்போது நான் என்ன எழுதுவது? அவள் சொன்னதில் தப்பில்லை. அந்தக் கேள்விக்கு எனக்கு இன்றைக்கும் பதில் தெரியாது. தெரிந்திருந்தால் உங்களுக்கு டாக் கொடுக்க வந்திருப்பேன்.

ஒன்று மட்டும் சொல்லலாம். நீங்கள் இப்படிக் கேட்கப் போனால், கேட்டால் கிடைக்குமா என்பதோடு நிறுத்தாதீர்கள். கடைசியாக எப்போது வாங்கினாய், எங்கே போனாய் என்று கேளுங்கள். போன ஞாயிற்றுக்கிழமை வாங்கினேன், பகாவுக்குப் போய்ச் செருப்பு வாங்கி வந்தேன் என்று அமான் சொல்லியிருப்பான். அந்த வரி ஒன்று அறிக்கையில் இருந்திருந்தால், பிறகு நடந்ததில் கொஞ்சமாவது மாறியிருக்கலாம் என்று நினைத்துக்கொள்கிறேன்.

வாங்குபவர்களிடமிருந்து சீக்கிரமே செய்தி வந்தது. நடவடிக்கை எடுத்ததற்குச் சான்று வரும் வரை எங்கள் எண்ணெய் வேண்டாம். தலைமையகம் ஆடிப்போய்விட்டது. சிரம்பானிலிருந்து ஒரு லாயரை அனுப்பினார்கள். அவர் போட்ட வழி நேரானது. கம்பெனி எல்லோருக்கும் பாஸ்போர்ட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டது, கையெழுத்து இருக்கிறது. ஒரு தனிநபர் தொழிலாளர்களிடமிருந்து அவற்றை வாங்கித் தராமல் வைத்திருந்திருக்கிறார். கம்பெனியே போலிசில் புகார் கொடுக்கிறது, அவரை வேலையிலிருந்தும் நீக்குகிறது. இவ்வளவும் செய்தால் வாங்குபவர் திரும்பி வருவார்.

அக்காவின் வாக்குமூலம் வேண்டும். தமிழில் சொல்வதை நான் ஆங்கிலத்தில் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். மேனேஜர் அறையில் உட்கார்ந்தோம். அக்கா நாற்காலியில் நுனியில் உட்கார்ந்திருந்தார். அந்த அறையைக் கூட்டுவதற்காக அவர் உள்ளே வந்திருக்கிறார், உட்கார்ந்தது அன்றைக்குத்தான். நடந்ததை எல்லாம் சொன்னார். நான் எழுதினேன். லாயர் எட்டிப் பார்த்தார்.

"இந்த எடத்துல 'வித்ஹெல்ட்'னு போடுங்க மேடம்" என்றார். தராமல் பிடித்து வைத்திருந்தார் என்று பொருள்.

"அவங்க அப்படிச் சொல்லலியே சார். பத்திரமா வச்சிருந்தேன்னுதான் சொன்னாங்க."

"சட்டத்துக்கு ரெண்டும் ஒண்ணுதான் மேடம். யார் கையில இருந்திச்சு, அதுதான் கேள்வி. எதுக்குன்னு கேக்காது."

"ரெண்டும் ஒண்ணுன்னா அவங்க சொன்னதையே எழுதலாமே."

லாயர் சோர்வாகச் சிரித்தார். "அப்படி எழுதினா, கம்பெனி லாக்கர் சரியில்ல, அதனாலதான் பசங்க அவங்ககிட்ட குடுத்தாங்கன்னு ஆயிடும். எல்லாம் கம்பெனி மேல திரும்பும். வாங்குறவன் போயிடுவான். அப்புறம் மொதல்ல யார் வேலை போகும்னு நெனைக்கிறீங்க? அந்தக் கொங்சிப் பசங்க வேலதான். அத யோசிங்க."

யோசித்தேன். அவர் பொய் சொல்லவில்லை என்பதுதான் கொடுமை. எண்ணெய் போகாவிட்டால் குலை வெட்ட ஆள் எதற்கு? அமானையும் மற்றவர்களையும் உண்மையாகவே ஊருக்கு அனுப்புவார்கள். பெரட்டில் அவன் பயந்தது நடக்கும். என் கையில் பேனா இருக்கிறது. எந்தச் சொல்லை எழுதினாலும் யாரோ ஒருவர் தலையில் இறங்கப் போகிறது.

அக்காவுக்கு ஆங்கிலம் தெரியாது, ஆனால் முகம் படிக்கத் தெரியும். "என்னா கிராணியம்மா எழுதப் போறீங்க? நா திருடுனேன்னா?" என்றார்.

"இல்லக்கா."

"அப்ப புடுங்கி வச்சிக்கிட்டேன்னா?"

மறைக்க எனக்கு மனசு வரவில்லை. "அப்படித்தான் எழுதச் சொல்றாங்கக்கா" என்றேன்.

அக்கா மேனேஜரைப் பார்த்தார். அவர் மேசைக் கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருந்தார். "தொரை, நீங்களும் அப்படித்தான் சொல்றீங்களா?"

"இது சட்டம் அக்கா. என் கையில ஒண்ணும் இல்ல."

"அவரு கையில இல்ல, உங்க கையில இல்ல, கிராணியம்மா கையிலயும் இல்ல. என் கையில மட்டுந்தான் எல்லாம் இருந்திச்சா?" என்றார் அக்கா. சத்தம் போடவில்லை. அவர் சத்தமில்லாமல் பேசி நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

நான் அவர் சொன்னதை அவர் சொன்னபடியே எழுதினேன். சிம்பான் என்ற சொல்லை மொழிபெயர்க்காமல் அப்படியே போட்டு, உரியவர்கள் கேட்டுக்கொண்டதால் பாதுகாப்புக்காக என்று சேர்த்தேன். அதில்தான் கையெழுத்துப் போட்டேன், வேறெதிலும் போட மாட்டேன் என்றேன். நீங்கள் கைதட்டும்படி அதற்குப் பிறகு ஒன்றும் நடக்கவில்லை. லாயர் என்னைத் திட்டக்கூட இல்லை. மறுநாள் சிரம்பானிலிருந்து வேறொரு மொழிபெயர்ப்பாளரைக் கூட்டிக்கொண்டு வந்தார். அவர் எழுதினார், அக்கா விரல் வைத்தார், அது போலிசுக்குப் போயிற்று. என் காகிதம் என் இழுப்பறைக்குள் போயிற்று.

போலிஸ் அக்காவை நாலைந்து தடவை கூப்பிட்டு விசாரித்தது. கடைசியில் வழக்குப் போடவில்லை. வயதான பொம்பளை என்று விட்டார்களோ, கொங்சிப் பையன்கள் ஒருவர் விடாமல் அவருக்காகப் பேசியதால் விட்டார்களோ, தெரியாது. ஆனால் பாஸ்போர்ட்டுகளைச் சாட்சிப் பொருளாக எடுத்துப் போய் உறையில் போட்டு முத்திரை வைத்துவிட்டார்கள். சாமி காலடியில் இருந்தவரை திட்டு வாங்கினால் போதும், கைக்கு வந்துவிடும். இப்போது மனுக் கொடுத்தும் வரவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் யாரும் கொங்சியை விட்டு வெளியே போகவில்லை.

அப்போதுதான் அமானுக்கு ஊரிலிருந்து போன் வந்தது. அம்மா தவறிவிட்டார். ஆபிஸ் படியில் வந்து உட்கார்ந்தான். அழவில்லை. நான் போலிசுக்கு எழுதினேன், தூதரகத்துக்கு எழுதினேன், லாயரைக்கூடக் கெஞ்சினேன். எல்லோரும் மரியாதையாகத்தான் பதில் சொன்னார்கள். வழிமுறை என்று ஒன்று இருக்கிறதாம். அவனுக்குப் பயணக் காகிதம் கிடைத்தபோது அடக்கம் மட்டுமில்லை, நாற்பதாம் நாள் கெண்டுரி விருந்தும் முடிந்திருந்தது. இடையில் ஒருநாள் என் மேசைக்கு முன்னால் வந்து நின்று ஒரே ஒரு கேள்வி கேட்டான்.

"இபு, செகாராங் சியாப்பா சிம்பான்?"

இப்போது யார் வைத்திருக்கிறார்கள் என்று கேட்கிறான். நான் எழுந்து அவனுக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தேன். வேறென்ன செய்வது.

அமான் அந்தக் காகிதத்துக்குக் காத்திருந்த நாட்களிலேயே அக்காவுக்கு வேலை நீக்கக் கடிதம் போயிற்று, அதிலேயே வீட்டைக் காலி செய்யவும் சொல்லியிருந்தது. படித்துச் சொல்ல என்னைத்தான் கூப்பிட்டார். படித்துச் சொன்னேன். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன், திட்டவில்லை. மருமகன் லாரி கொண்டுவந்து சாமான்களை ஏற்றினார். கொங்சிப் பையன்கள்தான் தூக்கிக் கொடுத்தார்கள். சாமி மேடை சுவரோடு சேர்த்து அடித்திருந்ததால் ஆணி பிடுங்கும்போது பலகை பிளந்துவிட்டது. அதைப் பார்த்ததும் அமான் நெஞ்சில் கை வைத்துக்கொண்டு நின்றான். அக்கா சாமி படத்தை மட்டும் மடியில் வைத்துக்கொண்டு முன் சீட்டில் ஏறினார். லாரி போன அடுத்த வாரமே அந்த வரிசையும் இடிபட்டது.

வாங்குபவர் திரும்பி வந்தார். எண்ணெய் போயிற்று, ஒரு பையனுக்கும் வேலை போகவில்லை. உங்கள் கணினியில் அந்த ஃபைலைத் தேடினால் இப்போதும் கிடைக்கும். நிலைமை என்ற கட்டத்தில் 'குளோஸ்ட்' என்று பச்சையில் இருக்கும்.

இந்த வருஷம் ஒரு திருமணத்துக்காகத் தம்பினுக்குப் போயிருந்தேன். அப்படியே அக்கா வீட்டைத் தேடிப் போனேன். நாலாவது மாடி, லிஃப்ட் வேலை செய்யவில்லை. அக்கா இளைத்திருந்தார். மகளும் மருமகனும் வேலைக்குப் போயிருந்தார்கள். டீ போட்டுக் கொடுத்தார். பையன்களைப் பற்றி விசாரித்தார். அமான் திரும்பி வரவில்லை என்று சொன்னதும், "நல்லது" என்றார். நான் வீட்டுக்குள் நுழைந்ததிலிருந்து ஒரு ஏச்சுகூட விழவில்லை. அதுதான் எனக்கு என்னவோ போல் இருந்தது.

கதவு தட்டும் சத்தம் கேட்டது. பக்கத்து வீட்டுப் பெண், கையில் ஒரு சாவி. அவசரமாகக் கிளினிக்குக்குப் போகிறாள் போலிருக்கிறது. "ஆன்ட்டி, இந்தச் சாவிய கொஞ்சம் வச்சிருங்க. எங்க வூட்டுக்காரரு ஷிப்ட் முடிஞ்சி வருவாரு, குடுத்துருங்க" என்று நீட்டினாள்.

அக்கா இரண்டு கையையும் சேலைத் தலைப்புக்குள் இழுத்துக்கொண்டார். "என்கிட்ட எதையும் வைக்காதம்மா" என்றார். அந்தப் பெண்ணுக்கு ஒன்றும் புரியவில்லை. நீட்டிய கையோடு என்னைப் பார்த்தாள்.

"கிராணியம்மாகிட்ட குடு" என்றார் அக்கா. பிறகு என் பக்கம் திரும்பினார். குரலில் கோபமில்லை, இருக்கிறதைச் சொல்கிற மாதிரித்தான் சொன்னார். "நீங்க வச்சிக்கலாம் கிராணியம்மா. உங்கள யாரும் ஒண்ணும் கேக்க மாட்டாங்க."

அந்த இரும்புப் பெட்டகத்தின் சாவி அத்தனை வருஷம் என் கைப்பையில்தான் இருந்தது. உண்மைதான், என்னை யாரும் ஒன்றும் கேட்கவில்லை. திருமண வீட்டில் பந்தி முடிந்துவிடும் என்று தெரிந்தும், பக்கத்து வீட்டுக்காரர் வரும் வரை அந்தச் சாவியைக் கையில் பிடித்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்திருந்தேன்.